மூன்று தட்டு மல்லாட்டையும் ஒரு கட்டு நூலும்

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இத்தனை நல்ல செய்தியை எழுதுகிறவன் நலமாகத்தான் இருப்பான். உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் வாங்கி வாசலிலேயே நின்று படித்தேன். உலகத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் கூடும் அந்த விஞ்ஞானப் போட்டிக்கு உன் மாணவி அஞ்சலை தேர்வாகிவிட்டாள், மெட்ராஸிலிருந்து ஒரு டீச்சரம்மாவும் நீயும் துணைக்குப் போகிறீர்கள், அடுத்த வாரம் விமானம் என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்பில் இருந்த கேப்பைக் கூழ் அடிப்பிடித்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று எதிர் வீட்டுக்கு ஓடினேன். சாயங்காலத்துக்குள் திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு நானே சொல்லியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு எதிர் வீட்டுக்காரி சொல்லியிருப்பாள். ஊரில் எவளும் பெறாத பிள்ளையை நான் பெற்றுவிட்டதாக உன் அப்பா கேலி செய்கிறார். அவர் மட்டும் என்ன, ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில் அங்கே நின்ற வண்டிக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

இத்தோடு உன் கடிதம் முடிந்திருந்தால் நானும் இரண்டு வரியில் ஆசீர்வாதம் எழுதி அனுப்பியிருப்பேன். நீ பின் பக்கத்திலும் எழுதியிருந்தாய். அஞ்சலைக்குக் கையெழுத்து கோணல், அதனால் அவள் காட்சிக்கு வைக்கும் பலகைகளை எல்லாம் நீயே திரும்ப எழுதுகிறாய். அவளுக்கு இங்கிலீஷ் வராது, அதனால் நீ எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்ய வைக்கிறாய். அவள் சோதனை செய்த வலை நூலில் ஒரு கட்டை அவளுடைய அண்ணன் தெரியாமல் எடுத்து வலைக்குப் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டான், அது அசிங்கமாக இருக்கும் என்று அந்தப் பகுதியை எடுத்துவிட்டாய். இதையெல்லாம் ஏதோ பெரிய உதவி செய்கிற மாதிரி சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். படித்ததும் பொங்கி வந்த பாலில் தண்ணீர் தெளித்தது போல் ஆகிவிட்டது எனக்கு. விழுப்புரம் ஒன்றும் சீமையில் இல்லை, ரயிலேறி வந்து நேரில் சொல்லலாம். ஆனால் நேரில் வந்தால் நீ என்னைப் பேச விடமாட்டாய், காபி குடி, காபி குடி என்பாய். அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகும் வேறு வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீயே போட்டிக்குப் போன, உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் நீ மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன். இந்தப் பக்கம் நின்றவளுக்கு அது எப்படி இருந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போது நீ பத்தாவது. பிரம்மதேசத்துப் பக்கம் நம் மானாவாரிக் கொல்லையில் அந்த வருஷம் மல்லாட்டை, உன் புத்தகத்து நிலக்கடலை, விதைத்து, முளைப்பு பார்க்கப் போன அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் சால் பிடித்தாற்போல் முளைத்திருக்கிறது, ஒரு பக்கம் பொக்கை வாய் மாதிரி சந்து சந்தாக நிற்கிறது. மழை சரியில்லை என்றார் ஒருவர். எறும்பு தின்றிருக்கும் என்றார் இன்னொருவர். கண் பட்டுவிட்டது என்று நான் சொன்னேன், பொய் சொல்வானேன். நீ மட்டும், எந்த மூட்டை விதையை எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று அப்பாவைக் குடைந்தாய். விதைக்கு முன்னால் நம் வீட்டில்தான் பெண்கள் உட்கார்ந்து மல்லாட்டை உரிப்பார்கள். படிக்கு இத்தனை என்று கூலி. விரல் நோகாமல் சீக்கிரம் உரிபட வேண்டும் என்று காயின் மேல் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். நானும் தெளித்துத்தான் உரிப்பேன், என் அம்மாவும் அப்படித்தான் உரித்தாள். சிலர் காயைத் தடியால் தட்டி உடைத்துவிட்டுப் பருப்பைப் பொறுக்குவார்கள். ஒருத்தி மட்டும் பிடிவாதமாகக் காயாகவே வைத்து விரலால் உரிப்பாள், அவளுக்கு எப்போதும் கூலி குறைவு. நீ இந்த மூன்று வகையிலும் விதை எடுத்து, தனித்தனிப் பானையில் மூடி வைத்து, பிறகு ஈரச் சாக்கில் சுருட்டி முளைக்க வைத்தாய். வீட்டில் இருந்த சாக்கெல்லாம் போயிற்று. தண்ணீர் தெளித்து உரித்தது பாதிக்கு மேல் பூசணம் பூத்துக் கிடந்ததை நீ காட்டியபோது எனக்கு உன் மேல் சரியான கோபம். நாங்கள் காலம் காலமாகச் செய்ததைச் சாக்கில் சுருட்டிக் காட்ட இவன் யார் என்று இருந்தது. கூலி குறைவாக வாங்கின அவள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உங்கள் சயன்ஸ் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுத்தான் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி, இங்கிலீஷில் வந்த விதிகளைத் தமிழில் சொன்னார். முதலில் மாவட்டத்தில், பிறகு மெட்ராஸில். மெட்ராஸில் இரண்டு பேரை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்வி அதுவே கேட்டதாக இருக்க வேண்டும். நெருப்பு, மின்சாரம் மாதிரி ஆபத்தான இடத்தில் மட்டும் பெரியவர்கள் கை வைக்கலாம், வைத்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். மேசையில் பெயர் இருக்காது, எண்தான். யார் பிள்ளை, எந்த ஊர் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. நடுவர்கள் கும்பலாக வராமல் ஒவ்வொருவராக வந்து, தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக மார்க் போடுவார்கள். அந்த நேரத்தில் பெற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். இதைக் கேட்டு உன் அப்பா, அப்படியென்றால் சிபாரிசுக்கு யாரைப் பார்ப்பது என்றார். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாவட்டப் போட்டி விழுப்புரத்தில் நடந்தபோதுதான் எனக்கு அந்த விதிகளின் அர்த்தம் புரிந்தது. உனக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு பையன் ரயில் எஞ்சின் மாதிரி ஒன்று வைத்திருந்தான். பித்தளையில் பளபளவென்று, உண்மையாகவே ஆவி விட்டுக்கொண்டு ஓடியது. ஜனங்கள் மொத்தமும் அங்கேதான். போச்சு, நம் பிள்ளையின் பூசணம் பிடித்த மல்லாட்டையை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். நடுவர் வந்து அந்தப் பையனிடம், இந்த இடத்தில் எதற்கு இந்தச் சின்னத் துளை என்று கேட்டார். பையன் திரும்பிக் கயிற்றுப் பக்கம் பார்த்தான். கயிற்றுப் பக்கம் நின்ற அவன் அப்பா சத்தமாகப் பதில் சொன்னார், அருமையான பதில். நடுவர் அவரைப் பார்த்து, “உங்களைக் கேக்கலீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அந்தப் பையனின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் ஒன்றும் முட்டாள் இல்லையடா. அவன் கையில் எதையும் செய்ய விடவில்லை, அவ்வளவுதான். அவன் அப்பா அவன் மேல் வைத்த பாசம்தான் அவனை அங்கே ஊமையாக நிற்க வைத்தது.

பிறகு மெட்ராஸ். பாசஞ்சர் ரயிலில் நீ, நான், வாத்தியார், கூடவே உன் விழுப்புரம் சித்தப்பா. அவரை யாரும் கூப்பிடவில்லை, மெட்ராஸ் என்றால் அவர் வராமல் இருக்க மாட்டார். மடியில் பசிக்கு என்று ஒரு மூட்டை மல்லாட்டை கட்டிக்கொண்டு வந்தேன். பெரிய கூடம், விசிறி சுற்றுகிறது, வரிசை வரிசையாக மேசை. நீ உன் பலகையைச் சாய்த்து வைத்து, முன்னால் மூன்று தட்டு வைத்தாய். விரலால் உரித்தது, தட்டி உரித்தது, தண்ணீர் தெளித்து உரித்தது. ஒவ்வொன்றிலும் நூறு பருப்பு என்று எண்ணிப் போட்டு, அப்படியே எழுதியும் வைத்தாய். காலையில் பொதுமக்கள் பார்க்கலாம், மத்தியானத்துக்கு மேல் நடுவர்கள் வருவார்கள் என்று ஏற்பாடு.

நம் ஜனங்களைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும். கண்ணெதிரே மல்லாட்டை இருந்தால் கை தானாகப் போகும். அது கண்காட்சியா, கல்யாண வீடா என்று கை யோசிக்காது. உன் சித்தப்பா பலகையைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் பக்கத்தில் போய் அதட்டினேன். “ரெண்டு எடுத்து வாய்ல போட்டுக்கினேன், அதுக்கு இன்னாண்ணி இப்ப?” என்றார். ரெண்டாம் ரெண்டு. தட்டின் நடுவில் பள்ளம் தெரிந்தது. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர், பார்க்க வந்த மெட்ராஸ்காரர்களும், எடுத்து எடுத்து மென்றார்கள். நான் அவர்களைத் துரத்தப் போனேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “வுடும்மா. சாப்ட்டா சாப்ட்டும். யாரையும் ஒண்ணும் சொல்லாத” என்றாய். அந்த நிமிஷம் என் பிள்ளைக்குப் பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். பத்துப் பதினோரு மணிக்குப் பார்த்தால் விரலால் உரித்த தட்டில் முக்கால் வாசிதான் இருந்தது. நீ என்னடா என்றால் தட்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றாய்.

மத்தியானம் கயிறு கட்டினார்கள். எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். நூறு என்று எழுதியிருக்கிறது, நூறு இல்லை. நடுவர் எண்ணினால் என்ன ஆகும்? முகையூரிலிருந்தும் வானூரிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் ஆசைப்பட்ட இடம், அதில் வந்து நிற்கிறாய், இத்தனை சாக்கு, இத்தனை நாள் உழைப்பு, எல்லாம் உன் சித்தப்பா வயிற்றில் போய்விட்டதே. மடியை அவிழ்த்தேன். அவசர அவசரமாகப் பத்துப் பதினைந்து காயை உரித்து, கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, தம்பி, தம்பி என்று கூப்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை, எட்டி வாங்கித் தட்டில் போட்டிருந்தால் முடிந்தது. நீ என் கையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். “அது வேற கொல்ல மல்லாட்டம்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாய். எனக்குச் சுருக்கென்றது. கையில் இருந்ததை நானே தின்றேன்.

முதலில் வந்தவர் கண்ணாடி போட்ட கண்டிப்பான மனிதர். பலகையைப் படித்தார், தட்டைப் பார்த்தார், பென்சில் முனையால் பருப்பை ஒதுக்கி ஒதுக்கி எண்ண ஆரம்பித்தார். நூறு என்று எழுதியிருக்கிறாய், நூறு இல்லையே என்றார். கயிற்றுப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

“இல்லீங்க சார். பாக்க வந்தவங்க சாப்ட்டுட்டாங்க. எங்க சித்தப்பாவும் சாப்ட்டாருங்க” என்றாய் நீ.

என் பக்கத்தில் நின்ற சித்தப்பா தூணுக்குப் பின்னால் போய்விட்டார். நீ சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தாய். மத்தியானம் வரைக்கும் விரலால் உரித்ததில் இத்தனை போயிற்று, தட்டி உரித்ததில் இத்தனை, தண்ணீர் தெளித்து உரித்ததில் ஒன்றே ஒன்று, அதையும் எடுத்தவர் துப்பிவிட்டார் என்றாய். நடுவர் விடவில்லை. விரலால் உரித்த தட்டு ஓரமாக, கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்கும், அதனால் அதில் எடுத்திருப்பார்கள், இது ஒரு கணக்கா என்று கேட்டார்.

“நானும் அப்டித்தாங்க நெனச்சேன். அதனாலதான் பாதி நேரத்துல தட்ட மாத்தி வெச்சேன். நல்லதத் தூரத்துல வெச்சிட்டு, தண்ணி தெளிச்சதக் கிட்ட வெச்சேன். அப்பவும் எட்டி நல்லதத்தாங்க எடுத்தாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சரி, இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது என்றார். அதற்கு நீ சொன்ன பதிலை நான் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். பூசணம் பிடிக்கப் போகிற விதையை ஜனங்களின் கண்ணே ஒதுக்கிவிடுகிறது, அதற்கு நான் தேவையில்லை என்றாய். ஆனால் தடியால் தட்டி உரித்ததையும் நல்லது என்று நினைத்து எடுத்துச் சாப்பிட்டார்களே, அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது, அது சரியாக முளைக்கவில்லை, அந்த இடத்தில் கண் ஏமாந்துவிடுகிறது, அதைக் கண்டுபிடிக்கத்தான் சாக்கில் சுருட்டி எண்ண வேண்டியிருக்கிறது என்றாய். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதும்போது அவருடைய இடது கை தானாகப் போய் விரலால் உரித்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டது. நீ சீட்டை எடுத்து அதையும் குறித்துக்கொண்டாய். அடுத்த மேசையில் நின்ற பெண் நடுவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. அந்த அம்மாளும் வந்தார், அப்புறம் இன்னொருவர், அப்புறம் கண்ணாடிக்காரர் மறுபடியும் வந்தார். இரண்டாம் முறை வந்தால் நல்ல சகுனம் என்று வாத்தியார் என் காதில் சொன்னார்.

சாயங்காலம் மேடையில் எண்ணைப் படித்தார்கள். எண்ணை இங்கிலீஷில் படித்ததால் எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான் கைதட்டவில்லை, அழவில்லை, உன் சித்தப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். அவர் கோபப்படாமல், தான் சாப்பிட்டதால்தான் பையன் ஜெயித்தான் என்று ரயிலில் செங்கல்பட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும் விடு.

வெளிநாட்டில் நடந்ததை நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் நாள் முழுக்கப் பரிசோதனைதான், ஆபத்தான சாமான் இருக்கிறதா என்று மேசை மேசையாகப் பார்த்தார்கள். வேற்று நாட்டு விதை தங்கள் மண்ணில் இறங்கினால் கூடவே நோயும் இறங்கும் என்று உன் மல்லாட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெறும் ஓட்டைக் கூட விடவில்லை. நீ மூன்று காலித் தட்டை வைத்துக்கொண்டு நின்றாய். அடுத்த நாள் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே பிள்ளைகள், நடுவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், வேறு யாரும் கிடையாது. எந்தப் பிள்ளையும் தன் பாஷையில் பேசலாம், சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்ல ஆள் கொடுப்பார்கள். உனக்குக் கிடைத்தது அங்கே படிக்கப் போயிருந்த ஒரு தஞ்சாவூர்ப் பையன். அவன் உன் மேல் இரக்கப்பட்டு நீ சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல, நீ நடுவில் புகுந்து, நான் அதைச் சொல்லவில்லை என்றாயாமே. மல்லாட்டையையே பார்க்காத நடுவருக்கு, இல்லாத காயை இரண்டு விரலால் உரித்து உரித்துக் காட்டினாயாம். பரிசு ஒன்றும் வரவில்லை. வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு வராது, அதுதான் அந்தப் போட்டியின் வழக்கம் என்று நீயே சொன்னாய். எனக்கு அன்றைக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் நீ ஒரு வாரம் வாயை மூடவில்லை. ஒரு பையன் தவளைச் சத்தத்தை எண்ணினான், ஒரு பெண் ஜன்னலில் படிந்த பனியை அளந்தாள், அவர்கள் எல்லாம் உன் மேசைக்கு வந்து கேள்வி கேட்டார்கள் என்று அப்பாவைத் தூங்கவிடாமல் சொன்னாய். தோற்று வந்தவன் மாதிரியா இருந்தாய்? திருவிழாவுக்குப் போய் வந்தவன் மாதிரி இருந்தாய்.

இப்போது அஞ்சலையிடம் வருகிறேன். வலை நூலை ஆவாரம்பட்டைச் சாற்றில் எத்தனை தரம் தோய்த்தால் உப்புத் தண்ணீரில் மக்காமல் இருக்கும் என்பது அந்தப் பெண்ணின் கேள்வி. நல்ல கேள்வி. அவள் சட்டியில் உப்புத் தண்ணீர் வைத்து ஊற வைத்தாள், கல் கட்டித் தொங்கவிட்டு எப்போது அறுகிறது என்று பார்த்தாள். அவள் அண்ணன் எடுத்துக்கொண்டு போன கட்டு மட்டும்தான் உண்மையான கடலில் ஊறிய கட்டு. அதையா நீ அசிங்கம் என்று எடுத்தாய்? உன் தட்டில் சித்தப்பா கை வைத்தது அசிங்கம் இல்லையா? உனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா? உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, வந்த கோபத்தோடு இன்றைக்குக் காலையில் பஸ் ஏறி அவள் ஊர் மரக்காணம் போய்விட்டேன். உன்னைக் கேட்காமல் போனேன், போனது போனதுதான்.

குப்பத்தில் அஞ்சலையின் அம்மா மணலில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தாள். காக்கை விரட்டும் கம்பு ஒரு கையில். நான் யார் என்று சொன்னதும் உட்கார இடம் கொடுத்து, சாரோட அம்மாவா, சாரோட அம்மாவா என்று பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். உன்னைப் பற்றி அவள் வாயில் நல்ல வார்த்தையைத் தவிர வேறு இல்லை. பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப அவர்கள் வீட்டில் எல்லாரும் தயங்கியபோது நீ வந்து பேசினாயாம், அவள் புருஷனுக்கு உன் மேல் அப்படி ஒரு நம்பிக்கையாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சாருக்குத் தங்கமான மனசுக்கா. எல்லாத்தையும் அவரே எழுதிக் குடுத்துட்டாராம். ஆனா ஆஸ்டல்லேர்ந்து லீவுக்கு வந்த பொண்ணு ரெண்டு நாளா சோறே துன்னலக்கா. கேட்டா, அந்தப் பலகைல இருக்கறது யாரோ செஞ்சது மாதிரி இருக்குதும்மா, அங்க போய் நான் இன்னா சொல்லுவேன்னு அழுவுது. சாரு கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு.”

சொல்லாதே என்றாள், சொல்லிவிட்டேன். மனசு கஷ்டப்படட்டும், ஒரு நாள் கஷ்டப்படு, பிறகு நிறுத்திக்கொள். அவள் கோணல் எழுத்துப் பலகையைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். அதை அவளிடம் கொடு. நீ எழுதியதைக் கிழி. அண்ணன் எடுத்துப் போன கட்டைப் பற்றி அவளையே அவள் வார்த்தையில் எழுதச் சொல். இங்கிலீஷ் பேச்சையும் மறந்துவிடச் சொல், மாற்றிச் சொல்ல ஆள் கொடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா? அவள் தப்பாகச் சொல்லிவிடுவாளோ என்று உனக்குப் பயம். அந்தப் பயம் எனக்குத் தெரியும், கை நிறைய மல்லாட்டையோடு அதை அனுபவித்தவள் நான். தப்பாகச் சொன்னால் சொல்லட்டும். நடுவர் திருப்பிக் கேட்பார், அவள் யோசிப்பாள், அதற்குத்தானே இத்தனை தூரம் போகிறது.

அஞ்சலையின் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அங்கே கேள்வி கேட்டால் யார் பதில் சொல்ல வேண்டும், சாரா, பொண்ணா என்று கேட்டாள். பொண்ணுதான், கதவைச் சாத்திவிடுவார்கள், என் பிள்ளையால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“அப்டின்னா பயமே இல்லக்கா. அவ வாயத் தொறந்தா கப்பல்காரனும் நின்னு பதில் சொல்லிட்டுத்தான் போவணும்” என்றாள்.

இருவரும் சிரித்தோம். அந்தச் சந்தடியில் காக்கை இரண்டு மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவளுக்கு மீனம்பாக்கம் எந்தத் திசை என்று கூடத் தெரியாது, நான் அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் விமானம் ஏறும்போது நாங்கள் இரண்டு பேரும் வேலி ஓரமாக நிற்போம். படியேறும்போது திரும்பிப் பார். ஆனால் நான் கையசைப்பது உனக்கு என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அம்மா